"ஒரு தடவை ஆன் பண்ணித்தான் பாரேன்!" - உப்புக்காத்து வீட்டில் லேப்டாப் ரிப்பேர் ஏன் சொதப்புது?

எண்ணூரின் வடகோடியில், கொசஸ்தலை ஆறு வங்கக்கடலில் கலக்கும் இடத்தை ஒட்டி இருக்கிறது முகத்துவாரக்குப்பம். பெயரிலேயே விலாசம் இருக்கிற ஊர். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கழிமுகம். எதிர்க்கரையைப் பார்த்தால் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். இப்படிப்பட்ட ஊரில் ஜன்னல் கம்பி, கேட்டுக் கொண்டி, பைக் செயின், கேஸ் ஸ்டவ் கால் என எதை வைத்தாலும் உப்புக்காத்து தின்றுவிடும். இது குப்பத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஆனால், அதே காத்து வீட்டுக்குள் இருக்கும் லேப்டாப்பையும் தின்கிறது என்பது மட்டும் பலருக்கு உறைப்பதில்லை. காரணம் சிம்பிள். துரு பிடித்த கம்பி கண்ணுக்குத் தெரியும். மதர்போர்டு மூடிக்குள் இருக்கும்.

எண்ணூரிலிருந்து திருவொற்றியூர், ராயபுரம் வரை கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு, ஏன், பட்டினப்பாக்கத்திலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை. யூடியூபில் பார்க்கும் கம்ப்யூட்டர் ரிப்பேர் டிப்ஸ் எல்லாம் பெரும்பாலும் காய்ந்த ஊர்க்காரர்கள் சொல்வது. உப்பு அந்தக் கணக்கில் வராது.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மகள் காலேஜ் கடைசி வருஷம். அவள் கையில் அரசு கொடுத்த லேப்டாப். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ல் ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினித் திட்டம்தான் இதுபோன்ற எத்தனையோ வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. அந்த ஒரே மெஷினில் அவளுடைய புராஜெக்ட், அண்ணன் கல்யாண போட்டோ, அப்பாவின் படகு லைசென்ஸ் ஸ்கேன் எல்லாம் இருக்கிறது. புயல் மழையில் ஓடு ஒழுகி, அலமாரியில் இருந்த லேப்டாப் மேல் தண்ணீர் சொட்டியிருக்கிறது. காலையில் பார்த்தால் கீபோர்டெல்லாம் ஈரம்.

அண்ணன் படகு இன்ஜினையே பிரித்து மாட்டுகிற ஆள். லேப்டாப் என்ன பெரிய விஷயம்? துணியால் துடைத்தார், ஃபேனுக்கு அடியில் வைத்தார், ரெண்டு நாள் அரிசி மூட்டையில் புதைத்தார். மூணாவது நாள் அம்மா சொல்கிறார், "ஒரு தடவை ஆன் பண்ணித்தான் பாரேன்டா."

ஆன் ஆகிறது! விண்டோஸ் லோகோ வருகிறது. வீடே நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. நாலு நாள் கழித்து ஒரு காலையில் அது எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு என்ன அமுக்கினாலும் இருட்டுதான்.

"நல்லாத்தானே ஓடிச்சு, திடீர்னு என்ன ஆச்சு?" என்பதுதான் எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி. திடீரென்று எதுவும் ஆகவில்லை. முதல் நாளிலிருந்தே உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

தண்ணி போயிடும், உப்பு போகாது

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். தண்ணீர் ஆவியாகலாம், உப்பு எங்கேயும் போகாது. போர்டின் மேல் படிந்து அப்படியே உட்கார்ந்துகொள்ளும். மழைத்தண்ணிதானே ஒழுகியது என்கிறீர்களா? கடலோரக் கூரையில் வருஷக்கணக்காகப் படிந்த உப்பையும் தூசியையும் கழுவிக்கொண்டுதான் அந்தத் தண்ணி கீழே இறங்குகிறது.

உப்பு படிந்தால் என்ன, காய்ந்துதானே இருக்கிறது? இங்கேதான் விஷயமே இருக்கிறது. மழைக்காலத்தில் உங்கள் சமையலறை உப்பு டப்பாவைப் பார்த்திருப்பீர்கள். யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே கசகசவென்று நீர்விட்டுக்கொண்டு நிற்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், சாதாரண உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சித் தானாகக் கரைய ஆரம்பித்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு அந்த அளவுகூடத் தேவையில்லை, மூணில் ஒரு பங்கு ஈரப்பதமே போதும். சென்னைக் கடலோரத்தில் அதிகாலை ஈரப்பதம் 75-ஐத் தாண்டுவது ரொம்பச் சாதாரணம்.

அதாவது, நீங்கள் ரெண்டு நாள் காய வைத்த லேப்டாப், ஒவ்வொரு ராத்திரியும் உள்ளுக்குள் மறுபடியும் நனைகிறது. மதியம் காய்கிறது. ராத்திரி திரும்ப நனைகிறது. ஆன் பண்ணும்போது ஓடியதற்கும் நாலு நாள் கழித்துச் செத்ததற்கும் காரணம் இதுதான்.

உப்பு ஈரம் மட்டும் இருந்தால்கூடப் பெரிதாக ஒன்றும் ஆகாது, மெதுவாகத்தான் அரிக்கும். அதோடு கரன்ட் சேரும்போதுதான் ஆட்டம் மாறுகிறது. அடாப்டரிலிருந்து போர்டுக்கு வருவது சுமார் 19 வோல்ட். பிராசஸருக்குள் போவது ஏறக்குறைய 1 வோல்ட். இந்த ரெண்டு பாதைகளும் போர்டில் மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடுகின்றன. நடுவே உப்புத் தண்ணி பாலம் போட்டால் என்ன ஆகும்? 19 வோல்ட் போகக் கூடாத இடத்துக்குப் போகும். சிப் ஒரு நொடியில் காலி.

அப்படி உடனே சாகாவிட்டால், மெதுவாகச் சாகும். பாசிட்டிவ் பக்கத்தில் இருக்கும் செம்பும் ஈயமும் உப்பு நீரில் கரைந்து, நெகட்டிவ் பக்கம் போய்ப் படியும். ஸ்கூல் கெமிஸ்ட்ரி லேபில் செய்த மின்னாற்பகுப்புப் பரிசோதனைதான் இது, உங்கள் லேப்டாப்புக்குள் நடக்கிறது. படிகிற உலோகம் மரக்கிளை மாதிரி வளர்ந்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டால் ஷார்ட். மூடியைத் திறந்தால் பச்சை, நீலம், வெள்ளை என்று பூத்திருக்கும். மெக்கானிக்குகள் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குவது அந்தப் பச்சையைப் பார்த்துத்தான்.

இன்னொரு விஷயம். ஷட்டவுன் செய்துவிட்டால் கரன்ட் இல்லை என்று நினைக்காதீர்கள். பவர் பட்டனை எப்போது அமுக்குவார்கள் என்று காத்துக்கொண்டிருப்பதற்காகவே, போர்டின் ஒரு பகுதிக்கு பேட்டரியிலிருந்து எந்நேரமும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். படகு இன்ஜினை நிறுத்தினால் நின்றுவிடும். லேப்டாப் 'ஆஃப்' ஆன பிறகும் அரைத்தூக்கத்தில்தான் இருக்கிறது. கைவேலை தெரிந்த ஆட்களே இதில் ஏமாறுவதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. அவர்களுடைய கையில் குறையில்லை, மெஷின் அவர்களிடம் பொய் சொல்கிறது.

அரிசி மூட்டைக்கு ஓய்வு கொடுங்க

அரிசி ஈரத்தை இழுக்கும் என்பது பாதி உண்மை. திறந்த காத்தில் வைப்பதைவிட அது பெரிதாக எதையும் செய்துவிடாது. உப்பை நிச்சயமாக இழுக்காது. மேலும், தவிட்டுத் தூசியும் குருணையும் யு.எஸ்.பி. ஓட்டைக்குள் போய் உட்காரும். 2024 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில், நனைந்த ஐபோனை அரிசிப் பையில் போடாதீர்கள் என்று எழுதியது. அரிசி விற்கிற விலையில் அது வேறு எதற்கு!

ஹேர் டிரையரும் அப்படித்தான். சூடான காத்து, மேலே இருக்கும் தண்ணீரை இடுக்குகளுக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளும். கீபோர்டு பிளாஸ்டிக் வளையும். வெயிலில் காய வைப்பதில் பேட்டரிக்கும் ஸ்கிரீனுக்கும் ஆபத்து. சானிடைசரால் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருப்பதால் போர்டில் பிசுபிசுப்பைத்தான் விட்டுப்போகும்.

அப்புறம் பஞ்சர் கடை ஏர். இது எண்ணூர்ப் பக்கம் ரொம்பப் பொருந்தும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இங்கே தூசி என்றால் வெறும் மண் இல்லை. நிலக்கரி எரிந்த சாம்பல், காமராஜர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியின் தூள், லாரிப் புழுதி எல்லாம் கலந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் என்பது கண்ணாடி மாதிரியான மிக நுண்ணிய உருண்டைகள். சிலிக்காவும் அலுமினாவும்தான் அதில் அதிகம். லேப்டாப்பின் ஃபேன் இதை இழுத்து, உள்ளே இருக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே அடைத்துவிடும். உப்பு ஈரமும் சேர்ந்தால் அது தூசியாக இருக்காது, பூச்சு மாதிரி கெட்டியாகிவிடும். லேப்டாப் கொதிக்கும், ஹேங் ஆகும், தானாக ஆஃப் ஆகும்.

உடனே வண்டிக்குக் காத்து அடிக்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். "அண்ணே, இதுல ஒரு ஊது ஊதிக்கொடுங்க." கம்ப்ரஸர் டேங்கின் அடியில் எப்போதும் தண்ணீர் தேங்கியிருக்கும், அது காத்தோடு சேர்ந்து தூறலாக வரும். அந்த வேகத்தில் ஃபேன் தன் சக்திக்கு மீறிச் சுற்றி பேரிங் போய்விடும். வேகமாகச் சுற்றும் ஃபேன் ஒரு சின்ன டைனமோ மாதிரி போர்டுக்குக் கரன்ட்டைத் திருப்பி அனுப்பவும் வாய்ப்பு உண்டு. தூசியைத் தட்டத்தான் வேண்டுமென்றால், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஃபேன் இறக்கையை ஒரு பல்குத்தும் குச்சியால் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, காய்ந்த பெயின்ட் பிரஷால் தட்டுங்கள். போதும்.

ரப்பர் வைத்தியம்

கடலோர வீட்டு டெஸ்க்டாப்புகளில் அடிக்கடி வருகிற நோய், ஆன் பண்ணினால் ஃபேன் மட்டும் சுற்றும், ஸ்கிரீன் வராது. சிலவற்றில் பீப் சத்தம் கேட்கும். ரேமைக் கழற்றி, அதன் தங்கநிற விளிம்பை ஸ்கூல் ரப்பரால் தேய்த்து மாட்டினால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொல்வார். பல நேரம் சரியாகவும் ஆகிவிடும். அந்த விளிம்பில் படிந்த அழுக்குப் படலம் போய், மறுபடி தொடர்பு கிடைப்பதால்தான்.

சிக்கல் என்னவென்றால், அந்தத் தங்கப் பூச்சின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. உப்புக்காத்து ஊரில் மாசத்துக்கு ஒரு தடவை தேய்த்தால் தங்கம் போய்ச் செம்பு தெரியும். செம்பு தெரிந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும், தேய்ப்பதும் அதிகமாகும். ரப்பர் துணுக்கு ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அது தனிக் கதை. ஆத்திர அவசரத்துக்கு ஒரு தடவை செய்யலாம். அதற்கு மேல் ஐ.பி.ஏ. எனப்படும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைப்பதுதான் சரி. எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். 99 சதவிகிதம் என்று லேபிளில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சீக்கிரம் தீப்பிடிக்கும், அடுப்புக்கிட்ட வைக்காதீர்கள்.

இதைத் தொடவே தொடாதீங்க

இதுவரை சொன்னதில் போவது மெஷின். இனி சொல்லப்போவதில் உயிரே போகலாம்.

டெஸ்க்டாப்பின் பின்பக்கம் இருக்கும் இரும்புப் பெட்டி, எஸ்.எம்.பி.எஸ். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை அது முதலில் சுமார் 325 வோல்ட் டி.சி.யாக மாற்றி, பெரிய கெப்பாசிட்டர்களில் சேர்த்து வைக்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அந்தச் சேமிப்பு கொஞ்ச நேரம் இருக்கும். உள்ளே ஏதாவது பழுதாகியிருந்தால் அதிக நேரம்கூட இருக்கலாம். "ப்ளக்கைத்தான் புடுங்கிட்டேனே" என்று ஸ்க்ரூடிரைவரை உள்ளே விடுவது விஷப்பரீட்சை. அந்தப் பெட்டி போச்சா? புதுசு வாங்கி மாட்டுங்கள். திறக்காதீர்கள்.

கேபினெட்டைத் தொட்டால் ஜிவ்வென்று ஷாக் அடிக்கிறது என்று பல வீடுகளில் சொல்வார்கள். பெரும்பாலும் எர்த் இல்லாததுதான் காரணம். மூணு பின் பிளக்கின் எர்த் காலை உடைத்துவிட்டு ரெண்டு பின் சாக்கெட்டில் சொருகியிருப்பார்கள். ஈரத்தரையும் வெறுங்காலுமாக இருக்கும் வீட்டில் இது விளையாட்டு இல்லை. கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய கேஸ் இது.

லேப்டாப்பில் ஆபத்து பேட்டரி. டச்பேட் மேலே எழும்பி நிற்கிறதா, அடிமூடி உப்பிக்கொண்டு ஆடுகிறதா? பேட்டரி வீங்கிவிட்டது. அதை அமுக்கி மூடுவது, நெம்பி எடுப்பது, ஊசியால் குத்திக் காத்தை விடுவது (ஆமாம், இதையும் செய்கிறார்கள்) எல்லாமே தீயில் போய் முடியலாம். உப்புத் தண்ணியில் நனைந்த லித்தியம் பேட்டரி உடனே ஒன்றும் செய்யாமல், பிறகு பற்றிக்கொள்ளவும் வாய்ப்பிருக்கிறது. சார்ஜ் போடாமல், படுக்கையிலிருந்தும் துணிமணியிலிருந்தும் தள்ளி, சிமென்ட் தரையில் வைத்துவிட்டு ஆளைத் தேடுங்கள்.

அப்போ நனைஞ்சா என்னதான் பண்றது?

படகு வைத்திருப்பவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். அவுட்போர்டு இன்ஜினைக் கடலிலிருந்து தூக்கியதும் என்ன செய்வீர்கள்? நல்ல தண்ணி விட்டு அலசுவீர்கள். உப்பு காய்ந்து உட்காருவதற்கு முன்னால் அதைக் கழுவித் தள்ளுவதுதான் ரகசியம். லேப்டாப்புக்கும் அதே விதிதான். ஆனால், முதலில் கரன்ட்டை அறுக்க வேண்டும்.

ஆன் ஆகியிருந்தால் பவர் பட்டனை 10 நொடிக்கு மேல் அமுக்கிப் பிடித்து ஆஃப் பண்ணுங்கள். ஃபைலை சேவ் செய்ய நேரம் இல்லை, விடுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கழற்றுங்கள். பழைய அரசு லேப்டாப்புகள் பலவற்றில் கழற்றலாம். பிறகு கூடாரம் மாதிரி, கீபோர்டு கீழ்நோக்கி இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். ஆட்டிக் குலுக்காதீர்கள். அவ்வளவுதான், வீட்டு வைத்தியம் இங்கே முடிகிறது. பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடல் என்றால் அடிமூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்ற வேண்டும். தெரிந்தால் செய்யுங்கள். தெரியாவிட்டால் அன்றைக்கே கடைக்கு எடுத்துப் போங்கள். "ஞாயித்துக்கிழமை போலாம்" என்று தள்ளும் நாலு நாளில்தான் பச்சை பூக்கிறது.

கடையில் போர்டைத் தனியாகக் கழற்றி, டிஸ்டில்டு வாட்டரிலும் ஐ.பி.ஏ.விலும் கழுவுவார்கள்; சில இடங்களில் அல்ட்ராசோனிக் மெஷின் இருக்கும். போர்டைக் கழுவுவார்களா என்று அதிர்ச்சியாக வேண்டாம். கரன்ட் இல்லாத போர்டுக்குச் சுத்தமான தண்ணீர் எதிரி இல்லை. கடைக்காரரிடம் என்ன தண்ணீர் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். 'லைட்டா ஈரம் பட்டுச்சு' என்பதற்கும் 'வெள்ளத்துல மூழ்கிச்சு' என்பதற்கும் வைத்தியம் வேறு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வந்தது வெறும் வெள்ளம் இல்லை, மணலி ஆலைப் பகுதியிலிருந்து வந்த கச்சா எண்ணெய்க் கழிவும்தான். அந்தப் பிசுக்கு சாதாரண அலசலில் போகாது. மறைத்தாலும் தெரிந்துவிடும், பல லேப்டாப்புகளுக்குள் ஈரம் பட்டால் சிவப்பாக மாறும் ஸ்டிக்கரை கம்பெனியே ஒட்டி அனுப்புகிறது. சாதாரண வாரன்ட்டியில் தண்ணீர்ச் சேதம் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சொந்தமாகத் திறப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மாடல் நம்பரைப் போட்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள். லெனோவோ, டெல், ஹெச்.பி. மூணுமே இலவசமாகக் கொடுக்கின்றன. எந்த ஸ்க்ரூ எங்கே என்று படத்தோடு இருக்கும். ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் கிடையாது. சின்ன ஓட்டையில் நீள ஸ்க்ரூவைத் திருகினால் அது போர்டையே துளைத்துவிடும். கழற்றும் வரிசையில் ஒரு அட்டையில் குத்தி வையுங்கள்.

மெஷின் போனா போகட்டும்

கற்பனை வீட்டின் கதையில் இன்னும் ஒரு கட்டம் பாக்கி இருக்கிறது. இறந்துபோன லேப்டாப்பை ஒருவரிடம் கொடுக்கிறார்கள். அவர் போராடி ஆன் செய்கிறார். விண்டோஸ் சரியாக வரவில்லை. "ஃபார்மட் அடிச்சுடலாமா?" என்று கேட்கிறார். வீட்டில் தலையாட்டுகிறார்கள். லேப்டாப் புதுசு மாதிரி திரும்பி வருகிறது. புராஜெக்ட் இல்லை, போட்டோ இல்லை.

பல லேப்டாப்புகளில் போர்டு செத்தாலும் தகவல்கள் இருக்கும் எஸ்.எஸ்.டி. தனி அட்டையாக, ஒரே ஒரு ஸ்க்ரூவில் நிற்கும். சுத்தம் செய்து காயவைத்து, ஒரு யு.எஸ்.பி. கேஸில் போட்டால் வேறு கம்ப்யூட்டரில் திறக்க வாய்ப்பு அதிகம். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அதன் மூடியில் மூச்சுவிடச் சின்ன ஓட்டை இருக்கும். வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் அதற்கு கரன்ட்டே கொடுக்காமல் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுங்கள். புதிய விண்டோஸ் 11 மெஷின்களில் பிட்லாக்கர் பூட்டும் இருக்கலாம். போர்டை மாற்றினால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். முதல்முறை லேப்டாப்பை செட் பண்ணியபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில்தான் அது பெரும்பாலும் இருக்கும். அந்த இமெயிலும் பாஸ்வேர்டும் என்ன என்று இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கடைக்காரப் பையன் தன் ஐடியில் செட் பண்ணிக் கொடுத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

எண்ணூர்ப் பக்கத்திலிருந்து ரிச்சி ஸ்ட்ரீட் போக விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். 'சிப் லெவல் சர்வீஸ்' என்று போர்டு போட்ட கடைகள் அங்கே வரிசையாக இருக்கும். கொடுப்பதற்கு முன் மூணு விஷயம் பேசிவிடுங்கள். பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, என்னைக் கேட்காமல் ஃபார்மட் அடிக்கக் கூடாது, சரியாகாவிட்டால் எஸ்.எஸ்.டி.யும் கழற்றிய பாகங்களும் எனக்குத் திரும்ப வேண்டும். இதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர யோசிக்கிறார் என்றால், பக்கத்திலேயே இன்னொரு கடை இருக்கிறது.